ராஜினாமா செய்தவரும் வந்து உட்கார்ந்தவரும்

மனிதவளப் பிரிவு என்றால் வருகைப் பதிவு, விடுப்பு, தீபாவளிக்கு ஸ்வீட் பாக்ஸ் என்று நினைத்து வேலைக்கு வந்திருப்பீர்கள். நானும் அப்படித்தான் வந்தேன். அதையெல்லாம் உங்களுக்கு மேலே இருப்பவர்கள் சொல்லித் தருவார்கள். தராவிட்டால் கம்ப்யூட்டர் சொல்லித் தரும். நான் சொல்ல வந்தது வேறு. ஒரு நல்ல மனிதரால் இன்னொரு நல்ல மனிதர் எப்படி நாசமானார் என்பதைச் சொல்லப் போகிறேன். கெட்டவர்களைப் பற்றி உங்களுக்கு வகுப்பு எடுக்க வேண்டியதில்லை. அவர்களைப் பார்த்தாலே நீங்கள் உஷாராகிவிடுவீர்கள்.

தேர்வாய் கண்டிகையில், பால் பண்ணைகளுக்குப் பெரிய பெரிய எஃகுத் தொட்டிகள் செய்யும் தொழிற்சாலையில் இருந்தேன். மீஞ்சூரில் ரயிலேறி, கும்மிடிப்பூண்டியில் இறங்கி, கம்பெனி பஸ்ஸில் போய்ச் சேர வேண்டும். தலைமை அலுவலகம் டென்மார்க்கில். அங்கிருந்துதான் எங்களுக்குத் தலைவராக ஒருவரை அனுப்பினார்கள். அவர் பெயர் இங்கே வேண்டாம். தொழிலாளர்கள் அவருக்கு வைத்த பெயர் தொர. அதுவே போதும்.

தொர இஞ்சினியர் இல்லை. வியாபாரம் படித்தவரும் இல்லை. அரசியல்வாதி. தன் நாட்டில் அமைச்சராக இருந்தவர். இந்தச் செய்தி வந்த அன்று கேன்டீனில் ஒரே சிரிப்பு. "நம்மூர்ல மந்திரி பதவி பூச்சுன்னா தோட்டத்து ஊட்ல போய் குந்திக்குவாரு. இவரு இன்னாடான்னா தொட்டி செய்ய வந்துகிறாரு" என்று ஃபிட்டர் ஒருவர் சொன்னது என் மேஜை வரை வந்து சேர்ந்தது. நானும் சிரித்தேன்.

வந்த முதல் வாரம் சாப்பாட்டு வரிசையில் தட்டோடு நின்றார் மனிதர். முன்னால் நின்றவர்கள் விலகி வழிவிட்டார்கள். அவர் நகரவில்லை. அவர் நகராததால் அவர்களும் நகரவில்லை. வரிசையே நின்றுபோனது. பரிமாறுகிறவருக்குப் பேஜாராகிவிட்டது. "மேடம், அவர மொதல்ல வாங்கிக்க சொல்லுங்க. எல்லாருக்கும் சாம்பார் ஆறிப்போது" என்றார். போய்ச் சொன்னேன். "நான் கடைசியாக வந்தேன், கடைசியாகத்தான் வாங்குவேன்" என்றார். அங்கே இருந்த காலம் முழுவதும் அப்படித்தான் வாங்கினார். துப்புரவு வேலை செய்த அம்மாள் வரை எல்லோருடைய பெயரும் அவருக்குத் தெரியும். யாருக்குக் கல்யாணம், யார் வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை என்பதும் தெரியும். ஓட்டுக் கேட்டுப் பழகிய வித்தை என்று சிலர் சொன்னார்கள். இருக்கட்டுமே, ஓட்டே இல்லாத இடத்திலும் அதைச் செய்தாரே. நான் அவரை மதித்தேன். இத்தனைக்குப் பிறகும் முழுசாக வெறுக்க முடியவில்லை என்பதுதான் என் எரிச்சல்.

கலெக்டர் அலுவலக வேலையாகத் திருவள்ளூருக்கு அவரோடு காரில் போவேன். பெரியபாளையம் தாண்டியதும் தன் கதையை எடுப்பார். அம்மா பள்ளிக்கூட ஆசிரியை. பையனாக இருக்கும்போதே சைக்கிளில் கட்சி நோட்டீஸ் கொண்டுபோய் வீடுவீடாகப் போடுவாராம். அப்புறம் நகர சபை, பார்லிமென்ட், அமைச்சர் பதவி. அவருடைய துறையின் கவனக்குறைவால் முதியோர் இல்லம் ஒன்றில் சிலர் இறந்துபோனார்கள். அந்த விஷயம் அவர் மேஜைக்கே வரவில்லை, கீழே இருந்தவர்கள் மறைத்துவிட்டார்கள். ஆனாலும் தெரிந்த அன்றே பதவி விலகினார். அரசாங்கக் காரை விட்டுவிட்டு சைக்கிளில் வீட்டுக்குப் போனார். மறுநாள் காலையில் வாசல் முழுக்க ஜனங்கள் வைத்துவிட்டுப் போன பூங்கொத்துகள். அந்தப் பெயருக்காகத்தான் கம்பெனிக்காரர்கள் தேடி வந்து வேலை கொடுத்தார்கள்.

கேட்கக் கேட்க எனக்கு உடம்பு சிலிர்த்தது. நம்மூரில் நாற்காலியைப் பிடித்தவர்கள் எதற்காகவாவது விட்டு நாம் பார்த்திருக்கிறோமா? வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரரிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல், "சரி, அந்த செத்துப்போனவங்க ஊட்டுக்கு யார் போனது?" என்று கேட்டார். எதை எடுத்தாலும் நொட்டை சொல்லியே பழகிய மனுஷன் என்று நான் சமையல்கட்டுக்குப் போய்விட்டேன்.

தொரையிடம் நான் கற்றுக்கொண்டதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நியாயமாக இருக்காது. ஒரு தடவை ஒப்பந்தத் தொழிலாளர்களின் பஸ் வழியில் நின்றுபோய், பெண்கள் எல்லோரும் வெயிலில் நடந்து வந்து சேர்ந்தார்கள். வந்தவர்கள் உள்ளே வராமல் கேட்டுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார்கள். பின்வாசல் வழியாகப் போய்விடலாம் என்று செக்யூரிட்டி சொன்னார். தொர முன்வாசலுக்குத்தான் போனார். என்னை மொழிபெயர்க்கச் சொல்லி, தப்பு எங்களுடையது என்றார். நாளை முதல் அந்த பஸ்ஸில் நானும் வருவேன் என்றார். அவ்வளவுதான் பேச்சு, வந்தும் காட்டினார். "கூட்டத்துக்கு முன்னால் மூன்றாவது வாக்கியம் பேசாதே, மூன்றாவதில்தான் பொய் தொடங்கும்" என்று அன்று எனக்குச் சொன்னார். அதை வைத்துக்கொண்டு நான் எத்தனையோ கூட்டத்தைச் சமாளித்திருக்கிறேன். நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி ராகவன். எங்கள் தொழிற்சாலை மேலாளர். திருவள்ளூரில் கோயில் கைங்கரியம் செய்கிற வைஷ்ணவக் குடும்பம். அண்ணன் கோயிலிலேயே இருக்க, இவர் இஞ்சினியரிங் படித்துவிட்டு எஃகோடு மல்லுக்கட்ட வந்துவிட்டார். ஆனாலும் விடியற்காலையில் கோயிலில் பிரபந்தம் பாடுகிறவர்களின் கோஷ்டியில் நின்று சேவித்துவிட்டுத்தான் வேலைக்கு வருவார். நெற்றியில் மெல்லிய சிவப்புக் கோடு இருக்கும். வெளியில் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார், வீட்டிலிருந்து சாப்பாட்டுத் தூக்கு வரும். அதிகம் பேசமாட்டார். கோபம் வந்தால் குரல் இன்னும் தணிந்துவிடும்.

உங்களுக்குத் தெரிந்திருக்கும், தெரியாவிட்டால் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள்: ஒரு தொழிற்சாலைக்கு அரசாங்கத்தில் இரண்டு பேருடைய பெயர் பதிவாகியிருக்கும். ஒன்று நிறுவனத்தின் தலைவர், மற்றொன்று மேலாளர். உள்ளே ஒரு உயிர் போனால் அந்த இரண்டு பேரும்தான் பதில் சொல்ல வேண்டும். எங்கள் இடத்தில் அந்த இரண்டு பேர் தொரையும் ராகவனும்.

அன்று நல்ல மழை. பாதி ஆட்கள் வரவில்லை. ஒரு தொட்டி காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்குப் போய்க் கப்பலேற வேண்டும், உள்பக்கம் கொஞ்சம் வேலை பாக்கி. தொட்டிக்குள் ஒருவர் இறங்கினால், வாய்ப்பக்கம் இன்னொருவர் நின்று அவரைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அன்று அப்படி நிற்கப் பழகிய ஆள் இல்லை. ராகவன் தொரையின் அறைக்குப் போனார். அறையில் இரண்டே பேர். வெளியே வந்தவர் என் மேஜையருகே நின்றார்.

"வேண்டாம்னு சொன்னேன் மேடம். தொட்டி வாசல்ல நிக்க ஆளில்லாம யாரையும் உள்ள இறக்கப்படாதுன்னேன். கப்பல் போயிடும், இறக்கு, நான் பாத்துக்கறேன்னுட்டார்."

"நீங்க முடியாதுன்னு சொல்ல வேண்டியதுதானே சார்?" என்றேன்.

அவர் தொட்டி இருந்த பக்கம் போய்விட்டார். சொல்லியிருக்க வேண்டும், அதில் சந்தேகமே இல்லை. ராகவனும் அதை ஒருநாளும் மறுத்ததில்லை.

இறங்கியவர் ஏழுமலை. ஒப்பந்தத் தொழிலாளி. பழவேற்காடு ஏரிக்கு அந்தப் பக்கம் கடலோரக் குப்பத்துக்காரர். மீன் சரியாகப் படவில்லை என்று வெல்டிங் கற்றுக்கொண்டு வந்தவர். கல்யாணமாகி ஒரு பெண் குழந்தை. தொட்டி வேலைக்கு உள்ளே நிரப்புகிற வாயுவுக்கு வாடை கிடையாது, நிறம் கிடையாது. கொஞ்சம் தங்கியிருந்தாலும் போதும், உள்ளே போனவருக்கு மூச்சு நின்றுவிடும், நின்றது அவருக்கே தெரியாது. வெளியே ஒருவர் நின்றிருந்தால் உடனே தெரிந்திருக்கும். சாப்பாட்டு நேரத்தில் ஏழுமலை எங்கே என்று யாரோ கேட்டபோதுதான் போய்ப் பார்த்தார்கள். அதற்கு மேல் நான் விவரிக்க மாட்டேன்.

மறுநாள் காலையில் குப்பமே கேட்டுக்கு வந்துவிட்டது. உடல் பொன்னேரி ஆஸ்பத்திரியில் இருந்தது. கல்லெறிவார்கள் என்று போலீஸ் வேன் நிறுத்தியிருந்தார்கள். யாரும் கல்லைத் தொடவில்லை. முன்னால் நின்றவர் ஏழுமலையின் அண்ணன் தேசப்பன். சொந்தமாகப் படகு வைத்திருப்பவர். கண் சிவந்திருந்தது, ஆனால் குரல் நிதானமாக இருந்தது.

"இந்தாம்மா, எங்க குப்பத்துல ஒரு பழக்கம் கீது" என்றார். "போட்டுல போனவன் உயிரோட திரும்பலன்னா, அந்த போட்டுக்காரன் செத்தவன் ஊட்டு வாசல்ல வந்து உக்காரணும். காரியம் முடியற வரிக்கும் டெய்லி வரணும். யாரும் அவன அடிக்க மாட்டாங்க, ஒரு வார்த்த கேக்க மாட்டாங்க. டீ குடுப்பாங்க. ஆனா அவன் வரணும். என் போட்லயும் ஒருத்தன் பூட்டான். நானும் போய் உக்காந்தவன்தான். அந்த தொரய வந்து எங்க ஊட்டாண்ட உக்கார சொல்லு. மத்தது எல்லாம் அப்பறம் பேசிக்கலாம்."

உள்ளே போய் வார்த்தை மாறாமல் தொரையிடம் சொன்னேன். அவர் இரவெல்லாம் தூங்கவில்லை, முகத்தில் தெரிந்தது. நான் சொல்லி முடித்ததும் கையால் முகத்தை மூடிக்கொண்டார். போகலாம் என்றுதான் முதலில் சொன்னார். அதற்குள் தலைமை அலுவலகத்திலிருந்து போன். வக்கீல்கள். அங்கே போகக்கூடாது, போனால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்றார்கள். அவர் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் தனியாக இருந்தார். வெளியே வந்தபோது முகம் தெளிந்திருந்தது. "அவர்கள் கேட்டதைவிடப் பெரியதைச் செய்யப்போகிறேன். என்னோடு வா" என்றார்.

கூடப் போனேன். கேட்டில் படியேறி நின்று பேசினார். நான் மொழிபெயர்த்தேன். "இந்த இடத்தின் தலைவன் நான். நடந்ததற்கு முழுப் பொறுப்பும் என்னுடையது. அதனால் இந்த நிமிடமே என் பதவியிலிருந்து விலகுகிறேன்." அவர் குரல் உடைந்தது. நடிப்பில்லை. அவர்கள் ஊர் வாசலாக இருந்திருந்தால் அந்த நிமிடமே கூட்டம் தலைகுனிந்திருக்கும்.

இங்கே யாரும் அசையவில்லை. தேசப்பன்தான் என்னைப் பார்த்தார். "இன்னாம்மா சொல்றாரு? வேலய உட்டுட்டுப் போறாரா?"

"ஆமாண்ணே."

"அவரு பூட்டா, நாளைக்கி நாங்க யாராண்ட போய் கேக்கறது?"

அதை மொழிபெயர்த்தேன். எனக்குப் பதிலாக வேறொருவர் வருவார் என்றார் தொர.

"வேற ஆளு இன்னாத்துக்கு?" என்றார் தேசப்பன். "அந்த ஆளா என் தம்பிய எறக்குனான்?"

அதையும் மொழிபெயர்த்தேன். தொர நெஞ்சில் கை வைத்துத் தலைகுனிந்து நின்றுவிட்டு உள்ளே போனார். சில நாட்களில் விமானம் ஏறிவிட்டார். போகுமுன் வக்கீலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு போலீசில் வாக்குமூலம் கொடுத்தார். நிறுவனத்தின் தலைவர் என்ற முறையில் தார்மீகப் பொறுப்பு ஏற்கிறேன் என்று சொல்லியிருந்தார்.

பிள்ளைகளா, இங்கே கொஞ்சம் நில்லுங்கள். அந்த வாக்குமூலத்தில் பொய் ஒன்றுகூட இல்லை. ஆனால் 'ராகவன் வேண்டாம் என்றார், நான்தான் இறக்கச் சொன்னேன்' என்ற சின்ன விஷயமும் அதில் இல்லை. கேட்டில் பேசியபோதும் அது இல்லை. பொறுப்பு என்று அவ்வளவு பெரிய சொல்லைச் சொன்னதால், யாருக்கும் அந்தச் சின்ன விஷயத்தைக் கேட்கத் தோன்றவில்லை. எனக்கும் அந்த நேரத்தில் தோன்றவில்லை. அவர் அழுததைப் பார்த்து நானும் அழுதுகொண்டிருந்தேன்.

தொர போன பிறகு ராகவன் என்னிடம் வந்தார். "அவா ஒருத்தரை வந்து உக்காரச் சொல்லிக் கேட்டாளே மேடம். யாரும் போகலையே" என்றார். "நீங்க போகாதீங்க சார், வக்கீல் என்ன சொன்னார்னு கேட்டீங்கல்ல?" என்று சொல்லிப் பார்த்தேன். கேட்கிறவராக இல்லை. தனியாக அனுப்ப மனசு வராமல் முதல் நாள் நானும் போனேன்.

பழவேற்காடு தாண்டி, மணல் பாதையில் கொஞ்ச தூரம் நடந்தோம். ஷீட் போட்ட வீடு. வாசலில் பந்தல். தேசப்பன் எழுந்து வந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டார். ராகவன் அதில் உட்காரவில்லை, மணலில் உட்கார்ந்தார். சுற்றியிருந்தவர்கள் பார்த்தார்கள். கொஞ்ச நேரத்தில் ஏழுமலையின் மனைவி கஸ்தூரி உள்ளேயிருந்து வந்தாள். சின்னப் பெண். கையில் டீ இருந்தது, அவரிடம் நீட்டினாள். வெளியில் தண்ணீர்கூடத் தொடாத மனிதர் இரண்டு கையாலும் வாங்கிக் குடித்தார்.

"அவரு சாப்ட்டுட்டுதான் எறங்குனாரா சார்?" என்று கேட்டாள் கஸ்தூரி.

"நாஷ்டா சாப்பிட்டார்மா. நான் பார்த்தேன்" என்றார் ராகவன். கொஞ்சம் பொறுத்து, "நான்தான்மா அவரை இறக்கினேன்" என்றார்.

அவள் முகத்தில் முந்தானையை வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். தேசப்பன் தலையை ஆட்டினார். அவ்வளவுதான். அதற்கப்புறம் காரியம் முடிகிற வரை ராகவன் தினமும் போய் உட்கார்ந்துவிட்டு வந்தார். கடைசி நாளில் தேசப்பன் அவரை பஸ் நிறுத்தம் வரை கொண்டுவந்து விட்டாராம். குப்பத்தைப் பொறுத்தவரை ராகவன் கணக்கு அன்றோடு தீர்ந்துவிட்டது.

ஆனால் பந்தலில் யாரோ ஒரு பிள்ளை போனில் வீடியோ பிடித்திருக்கிறான். கெட்ட எண்ணத்தோடு இல்லை, இந்தக் காலத்தில் சாவு வீட்டிலும் பிடிக்கிறார்கள், அவ்வளவுதான். கை மாறிக் கை மாறி அது எங்கள் கம்பெனியின் புதிய தலைவருக்கு வந்து சேர்ந்தது. புதியவர் நல்ல மரியாதைக்காரர், எல்லோருக்கும் காலை வணக்கம் சொல்வார். விசாரணைக் குழு போட்டார். பாதுகாப்பு விதியை மீறி ஆளை இறக்கியது மேலாளர், அதை அவரே இறந்தவர் வீட்டில் ஒப்புக்கொண்டிருக்கிறார், முன்னாள் தலைவர் தார்மீகப் பொறுப்பேற்று ஏற்கனவே விலகிவிட்டார் என்று முடித்தார்கள். ராகவனை சஸ்பெண்ட் செய்தார்கள். அப்புறம் போலீஸ் வந்தது; வழக்கில் இரண்டு பேர் பெயரும் இருந்தது, கைக்குக் கிடைத்தவர் ராகவன்தான். புழல் ஜெயிலில் கொஞ்ச நாள் வைத்திருந்துதான் ஜாமீன் கொடுத்தார்கள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அன்று அறையிலிருந்து வெளியே வந்து ராகவன் என்னிடம் என்ன சொன்னார் என்பதை விசாரணைக் குழுவிலும் சொன்னேன், போலீசிலும் சொன்னேன். "நீங்க அறைக்குள்ள இருந்தீங்களா மேடம்?" என்று கேட்டார்கள். இல்லை என்றேன். அப்படியானால் நீங்கள் கேட்டது ராகவன் சொன்னதைத்தான், தொர சொன்னதை இல்லை என்றார்கள். தேசப்பன் ஸ்டேஷனுக்குப் போய், "அந்த ஐயர் மேல எங்களுக்கு ஒரு வருத்தமும் இல்ல சார், அவர உட்ருங்க" என்று கேட்டுப் பார்த்தார். வழக்குப் போட்டது அரசாங்கம், நீ வருத்தப்படுகிறாயா இல்லையா என்று யாரும் கேட்கவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஆகமொத்தம் ராகவன் சொன்னது உண்மை என்று சொல்ல உலகத்தில் ஒரே ஒருவர்தான் பாக்கி.

தொரையை இணையத்தில் தேடினேன். சுலபமாகக் கிடைத்தார். டென்மார்க்கில் வேறு ஒரு பெரிய நிறுவனத்தின் இயக்குநர் குழுவில் இருக்கிறார். கூட்டங்களில் பேசுகிறார். ஒரு பேச்சின் வீடியோ இருந்தது, பொறுப்பேற்கும் தலைமை என்ற தலைப்பு. இங்கிலீஷில் பேசியிருந்தார். மழை பெய்த அந்தக் காலையைப் பற்றிச் சொன்னார். ஏழுமலையின் பெயரைப் பிசகில்லாமல் உச்சரித்தார். கேட்டில் நின்ற கூட்டத்தைப் பற்றிச் சொல்லும்போது குரல் உடைந்தது, அன்று உடைந்த மாதிரியே. கேட்டவர்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள். நான் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

பிறகு அவருக்கு போன் செய்தேன். என் குரலைக் கேட்டதும் சந்தோஷப்பட்டார், வீட்டுக்காரரின் முழங்கால் வலி வரை விசாரித்தார். நான் விஷயத்தைச் சொன்னேன். ராகவன் ஜெயிலுக்குப் போனது அவருக்குத் தெரியாது. அதிர்ந்துபோனார், அது நிஜம். நீங்கள் இங்கே வரக்கூட வேண்டாம், அங்கிருந்தபடியே வீடியோவில் கோர்ட்டுக்கு ஒரு வார்த்தை சொல்ல முடியுமா என்று வக்கீலை வைத்துக் கேட்கலாம், 'ராகவன் வேண்டாம் என்றார், நான் இறக்கச் சொன்னேன்' என்று சொன்னால் போதும் என்றேன்.

"அந்த அறையில் வார்த்தைக்கு வார்த்தை என்ன பேசினோம் என்று எனக்கு நினைவில்லை" என்றார். "ஆனால் நான் எதிலிருந்தும் ஓடவில்லை. முழுப் பொறுப்பையும் அன்றே ஏற்றுக்கொண்டேன். அதற்காக எல்லாவற்றையும் இழந்தேன்."

"எதை இழந்தீர்கள்?" என்று கேட்டேன்.

அவர் வக்கீலிடம் பேசிவிட்டுச் சொல்கிறேன் என்றார். வக்கீலிடமிருந்து பதில் வந்தது. மரியாதையாக முடியாது என்ற பதில்.

அவர் பொய் சொன்னார் என்று நான் இன்றும் நினைக்கவில்லை. நிஜமாகவே மறந்துவிட்டார். நான் பொறுப்பேற்றேன் என்று அத்தனை மேடையில் சொன்ன பிறகு, அதற்கு முன்னால் நடந்த சின்ன விஷயத்துக்கு அவர் மனசில் இடமில்லை. அரசியலில் இருந்தபோது பதவியை விட்டால் விஷயம் முடிந்தது. எல்லோரும் மதித்தார்கள். அதே வழக்கத்தைத் தொழிற்சாலைக்கும் கொண்டுவந்தார். இங்கே பதவியை விட்டுப் போனால், நீங்கள் விட்ட இடத்தில் வேறொருவன் மாட்டிக்கொள்வான். உங்களுக்கு மேலே இருப்பவர் நாளைக்கு ஒருநாள் நான் பொறுப்பு என்று கண் கலங்கிச் சொல்வார். நீங்களும் கலங்குங்கள், தப்பில்லை. கலங்கி முடித்ததும், என்ன சொன்னீர்கள், யாரிடம் சொன்னீர்கள் என்று அன்றைக்கே கேளுங்கள், நாலு பேர் காதில் விழும்படி கேளுங்கள். என்னைத் திமிர் பிடித்தவள் என்பார்கள் என்று பயப்படாதீர்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

ராகவன் இப்போது திருவள்ளூரில்தான் இருக்கிறார். வழக்கு முடியாததால் வேறு எந்தத் தொழிற்சாலையும் எடுக்கவில்லை. பையன்களுக்குக் கணக்கு டியூஷன் எடுக்கிறார். கோயிலுக்கு விடியற்காலையில் போகிறார். கோஷ்டியில் நிற்காதே என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. அவராகவே விலகித் தூணுக்கு இந்தப் பக்கம் நின்றுவிடுகிறார். அண்ணன் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு விட்டுவிட்டாராம். வக்கீலின் பதிலைப் பற்றிச் சொன்னபோது, "விடுங்கோ மேடம். இறக்கினது நான்தானே" என்றார். சத்தம் போட்டுச் சண்டை பிடித்தேன். கோர்ட் வராந்தாவில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் சிரித்தார்.

நான் ஓய்வு பெற்றுவிட்டேன். ஆனாலும் ஒவ்வொரு வாய்தாவுக்கும் போகிறேன். மீஞ்சூரிலிருந்து சென்ட்ரல் போய் ரயில் மாறித் திருவள்ளூரில் இறங்குவேன். போன தடவை கஸ்தூரியையும் சாட்சிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். குழந்தையைத் தேசப்பனிடம் விட்டுவிட்டுத் தனியாக வந்திருந்தாள். வராந்தா பெஞ்சில் எனக்கும் ராகவனுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தாள். வழக்கை எடுத்ததும் ஊழியர் வாசலில் வந்து முதல் எதிரியின், அதாவது வழக்கில் முதலாவதாகக் குற்றம்சாட்டப்பட்டவரின், பெயரைக் கூப்பிட்டார். அந்த டென்மார்க் பெயர் அவர் வாயில் நுழையவில்லை, திக்கித் திக்கிச் சொன்னார். மறுபடியும் கூப்பிட்டார். மூன்றாம் தரமும் கூப்பிட்டார். அப்புறம் ராகவன் பெயர். ராகவன் எழுந்து சட்டையைச் சரிசெய்துகொண்டு, ஆஜர் என்று சொல்லி உள்ளே போனார்.

கஸ்தூரி என் பக்கம் திரும்பினாள். சாவு நடந்த மறுநாள் அவள் கேட்டுக்கு வரவில்லை, உடலோடு ஆஸ்பத்திரியில் இருந்தாள். அவளுக்கு அந்தப் பெயர் தெரியாது.

"மொதல்ல ஒருத்தர கூப்டுக்கினே இருந்தாங்களே மேடம், அவரு யாரு?"

"அவருதாம்மா தொர."

"அவரும் செத்துட்டாரா?"

"இல்லம்மா" என்றேன். "நல்லா இருக்காரு."